சிறப்புக் கல்வி ஆய்வாளர் பயிற்சியில் மொழியியலின் இடம்: வாசிப்புச் சோதனைகளைத் தமிழாக்குதலை முன்வைத்து

1. முன்னுரை

மூன்றாம் வகுப்பில் பயிலும் குழந்தை ஒன்று தன் பாடநூலைப் படிக்க இயலாமல் இடர்ப்படுகிறது. பார்வை, செவிப்புலன், அறிவுத்திறன் ஆகியவற்றில் குறையில்லை எனத் தெளிந்தபின், அக்குழந்தைக்கு வாசிப்பு சார்ந்த கற்றல் குறைபாடு உண்டா என்பதை அறிய ஒரு சோதனை நடத்தப்படுகிறது. சோதனையின் முடிவு சான்றிதழாகிறது. சான்றிதழ், தேர்வில் கூடுதல் நேரம், எழுதுநர் உதவி போன்ற உரிமைகளுக்கு வாயிலாகிறது. குழந்தையைத் தவறாகக் குறைபாடுடையதென்று முத்திரையிட்டாலும், குறைபாடுள்ள குழந்தையைச் சோம்பேறி என்று விட்டுவிட்டாலும், அதன் விளைவைச் சுமப்பது அக்குழந்தையே.

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. கற்றல் குறைபாடு அவற்றுள் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அவ்வெண்ணிக்கையை 21 ஆக உயர்த்தியபோது, குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் இடம்பெற்றது. 2018 சனவரியில் வெளியிடப்பட்ட மதிப்பீட்டு நெறிமுறைகள், மூன்றாம் வகுப்பில் அல்லது எட்டு வயதில் ஆசிரியர் முதற்கட்டமாகக் கண்டறிய வேண்டும் என்றும், நிம்ஹான்ஸ் எனப்படும் பெங்களூரு மனநல நரம்பறிவியல் நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பைக் கொண்டு உறுதிசெய்ய வேண்டும் என்றும் கூறின. இதனால் இந்திய மொழிகள் ஒவ்வொன்றிலும் நம்பகமான வாசிப்புச் சோதனைகள் தேவை என்பது சட்டம் சார்ந்த தேவையாகிவிட்டது.

இச்சோதனைகளை உருவாக்குவோர் யார்? இந்திய மொழிகளில் இவற்றுள் பலவும் முதுநிலைப் பட்ட, முனைவர் பட்ட ஆய்வேடுகளின் பகுதியாகவே பிறந்தவை. ஆகவே சிறப்புக் கல்வித் துறையில் முனைவர் பட்டத்திற்கு ஆயத்தமாகும் மாணவர், தாம் சோதிக்கப்போகும் மொழியைப் பற்றி என்ன கற்று வருகிறார் என்னும் வினா மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியதாகிறது. இக்கட்டுரை அவ்வினாவைத் தமிழ் வாசிப்புச் சோதனைகளைச் சான்றாகக் கொண்டு ஆராய்கிறது.

2. ஆய்வு மாணவர் வந்துசேரும் வழி

இத்துறையில் முனைவர் பட்டத்திற்கு வருவோர் ஒரே வழியில் வருவதில்லை. சிறப்புக் கல்வியில் இளங்கல்வியியல், முதுகல்வியியல் முடித்து ஆசிரியராகப் பணியாற்றியோர் ஒரு சாரார். உளவியலிலிருந்து வருவோர் மற்றொரு சாரார். பேச்சு, செவிப்புலவியல் பயின்று வருவோர் மூன்றாம் சாரார். மொழியியலிலிருந்து வருவோர் மிகச் சிலர். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின்படி சிறப்புக் கல்வியாளராகப் பணிபுரியவும் அப்படிப்புகளில் கற்பிக்கவும் குழுமத்தின் பதிவு வேண்டும். எனவே மொழியியலில் மட்டும் பட்டம் பெற்றவர் இத்துறையில் உதவியாளராக நிற்கலாமே தவிர, மதிப்பீட்டாளராக நிற்க இயலாது. பட்டம் பெற்றபின் மாணவர் செல்லும் இடங்களும் அறிந்தவையே: பல்கலைக்கழகத் துறைகள், ஆசிரியர் கல்வி நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள், பார்வைக் குறையுடையோருக்கு டேராடூனிலும், செவிக்குறையுடையோருக்கு மும்பையிலும், அறிவுசார் குறையுடையோருக்குச் செகந்திராபாதிலும், பல்வகைக் குறையுடையோருக்குச் சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலும் உள்ள தேசிய நிறுவனங்கள்.

முனைவர் பட்டத்திற்கு முன்பாடம் கட்டாயம் என்னும் விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் கொண்டுவந்தது. 2019இன் இறுதியில் ஆய்வு அறநெறி, வெளியீட்டு நெறி பற்றிய பாடம் கட்டாயமாயிற்று. 2022ஆம் ஆண்டு ஒழுங்குமுறை முன்பாடத்திற்குக் குறைந்தது 12 மதிப்பலகுகளை வரையறுத்தது. ஆய்வு முறையியல், புள்ளியியல், நூலாய்வு ஆகியன இவ்வலகுகளில் பெரும்பகுதியைக் கொள்கின்றன. சராசரி வேறுபாட்டின் பொருண்மையைக் கணிக்கவும் காரணிப் பகுப்பாய்வு செய்யவும் மாணவர் கற்றுவிடுகிறார். ஆயின் எந்த விடைகளைக் கூட்டி அச்சராசரியைப் பெற்றாரோ, அவ்விடைகளுள் எது சரி, எது தவறு என்பதைத் தீர்மானிக்கும் மொழியறிவு அவருடைய பாடத்திட்டத்தில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. தாய்மொழிதானே, தெரியாதா என்பதே பொதுவான எண்ணம்.

மைசூரு மானசகங்கோத்ரியில் 1965இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு செவிப்புலன் நிறுவனமும், 1969இல் தோன்றிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் அருகருகே உள்ளன. இரு துறைகளும் நடந்துசெல்லும் தொலைவில் இருக்கும் ஊர் இந்தியாவில் ஒன்றேனும் உண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது. பிரதிபா காரந்த் கன்னடத்திற்கு மொழித்திறன் விவரச் சோதனையை உருவாக்கியது அத்தகைய சூழலில்தான். ஒலியனியல், தொடரியல், பொருண்மையியல் எனப் பிரித்து அமைந்த அச்சோதனை, மொழியியல் பயிற்சி சோதனை வடிவத்தை எவ்வாறு மாற்றும் என்பதற்குச் சான்றாகும். 2010களின் நடுவில் மானேசரிலுள்ள தேசிய மூளை ஆய்வு மையத்தின் முயற்சியில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில் வாசிப்புக் குறைபாட்டுச் சோதனைகள் வெளிவந்தமையும் குறிப்பிடத்தக்கது. அம்முதற் பட்டியலில் தமிழ் இல்லை.

3. சோதனை உருப்படியும் மொழியமைப்பும்

கற்றல் குறைபாடு என்னும் வழக்கைப் பரப்பியவர் அமெரிக்கரான சாமுவேல் கிர்க். 1963இல் சிகாகோவில் பெற்றோர் கூடிய மாநாட்டில் அவர் ஆற்றிய உரையே அதற்குத் தொடக்கம் என்பர். அவரும் அவருடைய குழுவினரும் ஆக்கிய இல்லினாய் உளமொழியியல் திறன் சோதனையின் திருத்திய பதிப்பு 1968இல் வந்தது. துறையின் அடிப்படைக் கருவிகள் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்காக, ஆங்கில எழுத்துமுறையை உட்கொண்டு பிறந்தவை. அவற்றை மொழிபெயர்க்கும்போது சொல் பெயர்கிறது. சோதிக்கப்படும் திறன் உடன்பெயர்கிறதா என்பதை ஒவ்வோர் உருப்படிக்கும் தனித்தனியே கேட்க வேண்டியுள்ளது.

3.1 ஒலியன் நீக்கம்

ஆங்கிலச் சோதனைகளில் ஒலியன் விழிப்புணர்வை அளக்கப் பயன்படும் புகழ்பெற்ற உருப்படி, சொல்லின் முதலொலியை நீக்கி எஞ்சியதைக் கூறச் செய்வது. 'கேட்' என்பதில் முதலொலியை நீக்கினால் 'ஏட்' என்பது போன்றது. இதனைத் தமிழாக்குவோர் 'கல்' என்னும் சொல்லில் 'க்' என்பதை நீக்கினால் என்ன வரும் என்று வினவுவர். எதிர்பார்க்கப்படும் விடை 'அல்'. குழந்தை 'ல்' என்கிறது. தவறு எனக் குறிக்கப்படுகிறது.

குழந்தை என்ன செய்தது? எழுத்தில் க என்பது ஒன்றே. அதனுள் இருக்கும் அகரத்திற்குக் கண்ணுக்குத் தெரியும் குறி ஏதுமில்லை. முதலெழுத்தை முழுமையாக எடுத்துவிட்டது, அவ்வளவே. 'கிளி' என்பதில் முதல் மெய்யை நீக்கி 'இளி' எனக் கூறுவது வேறு வகை. அங்கே உயிருக்குக் குறி உண்டு. ஆனால் அக்குறிக்கும் இ என்னும் தனியெழுத்துக்கும் வடிவில் உறவில்லை. 'ஆடு' என்பதிலிருந்து முதலொலியை நீக்கி 'டு' எனல் எளிது. அங்கே எழுத்தும் ஒலியனும் ஒன்றாகவே நிற்கின்றன. ஒரே பெயரில் வழங்கும் இச்சோதனைக்குள் கடினம் வேறுபட்ட மூன்று வகை உருப்படிகள் இவ்வாறு கலந்துவிடுகின்றன. 'ஆடு' போன்ற சொற்களை மிகுதியாகச் சேர்த்த ஆய்வாளரின் குழந்தைகள் திறனுடையோராகவும், 'கல்' போன்றவற்றை மிகுதியாகச் சேர்த்தவரின் குழந்தைகள் குறையுடையோராகவும் தோன்றுவர்.

இதற்குப் பின்னணியாக அமையும் ஆய்வுகளை மாணவர் அறிந்திருத்தல் நன்று. எழுத்தறிவில்லாத போர்ச்சுகல் நாட்டு முதியோர், சொல் முதலில் ஓர் ஒலியனைச் சேர்க்கவோ நீக்கவோ இயலாமல் இருந்தனர் என்பதை ஜோசே மொராயிசும் குழுவினரும் 1979இல் காட்டினர். ஒலியன் பற்றிய நனவு அகரவரிசை எழுத்தைக் கற்பதால் விளைவது என்னும் கருத்து அதிலிருந்து வலுப்பெற்றது. கன்னட, இந்தி எழுத்துகளில் பயின்றோர் ஒலியன் நீக்கத்தில் பின்தங்கியும் நன்கு வாசித்தனர் என்பதைப் பிரகாஷ், காரந்த் முதலியோர் 1993இல் எடுத்துரைத்தனர். சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கன்னட ஆய்வு, எழுத்துத் தொகுதியைக் கற்பதே தொடக்கப்பள்ளி ஆண்டுகள் முழுவதும் நீள்வதையும் ஒலியன் விழிப்புணர்வு மெல்லவே தோன்றுவதையும் காட்டியது. தமிழின் நிலை கன்னடத்தின் நிலையிலிருந்தும் வேறானது. தமிழில் கூட்டெழுத்து இல்லை. புள்ளி, மெய்யைத் தனித்துக் காட்டுகிறது. ஆதலின் தமிழ்க் குழந்தைக்கு ஒலியன் நனவு கன்னடக் குழந்தைக்கு முன்னரே வருமா என்பது ஒரு முழு ஆய்வேட்டிற்குரிய பொருள். கன்னட முடிவைத் தமிழுக்கு அப்படியே ஏற்றியுரைப்பதும் ஆங்கில முடிவை ஏற்றியுரைப்பது போன்ற பிழையே.

3.2 மாற்றொலி தரும் இடர்

அசை நீக்கச் சோதனையில் 'தம்பி' என்பதில் 'தம்' நீங்கினால் எஞ்சுவது 'பி'. இதைக் குழந்தை எவ்வாறு ஒலிக்க வேண்டும்? கேட்டதை அப்படியே ஒலித்தால் மெல்லினத்தை அடுத்த குரலொலி. மொழிமுதல் நிலைக்கு மாற்றினால் குரலிலா ஒலி. விடைக்குறிப்பு உரோமன் எழுத்தில் இருப்பின், மதிப்பிடுவோர் இவ்விரண்டில் ஒன்றைத் தவறெனக் குறிப்பது உறுதி. மொழியியலார் இவ்விடத்தில் சபீரின் 1933ஆம் ஆண்டுக் கட்டுரையை நினைவுகூர்வர். தென் பையூட் மொழி பேசிய டோனி, தன் மொழிச் சொல் ஒன்றை அசை பிரித்துச் சொன்னபோது, சொல்லிடையில் உரசொலியாக ஒலித்ததைத் தனித்து நின்ற அசையில் வெடிப்பொலியாக ஒலித்தார். சபீர் அதனை ஒலியனின் உளவியல் உண்மைக்குச் சான்றாகக் கொண்டார். அதே செயலை ஒரு தமிழ்க் குழந்தை செய்தால் சோதனைத்தாளில் சுழியம் விழுகிறது. இரு விடைகளையும் சரியெனக் கொள்க என்று ஒரு வரி எழுதினால் இடர் தீரும். அவ்வரியை எழுதுவதற்கு மாற்றொலி என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

3.3 எழுத்தும் எழுத்தின் பெயரும்

எழுத்துப் பெயர் கூறல், எழுத்தொலி கூறல் என ஆங்கிலத்தில் இரண்டு சோதனைகள் உண்டு. அங்கு எழுத்தின் பெயர் வேறு, அது தரும் ஒலி வேறு. தமிழில் க என்னும் எழுத்தின் பெயரும் ஒலியும் பள்ளிக் குழந்தைக்கு ஒன்றே. எனவே இரண்டையும் மொழிபெயர்த்து வைத்தால், ஒரே சோதனை இருமுறை நடத்தப்படுகிறது. இரண்டின் மதிப்பெண்களுக்கும் இடையே உயர்ந்த உடன்தொடர்பு கிடைக்கும். அதனை ஏற்புடைமைக்குச் சான்றாக ஆய்வேட்டில் எழுதுவதும் நிகழும்.

ஆசிரியர் நிரப்பும் பட்டியலில் எழுத்துகளைக் கண்ணாடிப் பிம்பம்போல் மாற்றி எழுதுகிறாரா என்னும் வினா தவறாமல் வரும். ஆங்கிலத்தின் 'பி', 'டி' எழுத்துகளின் சிறிய வடிவங்களை மனத்தில் கொண்டு எழுந்தது இவ்வினா. அத்தகைய பிம்ப இணை தமிழில் இல்லை. ஆகையால் தமிழாசிரியர் 'இல்லை' எனக் குறிக்கிறார். மாறாகத் தமிழில் நாம் காணவேண்டியவை வேறு: கொம்பின் இடம், கொம்பு ஒற்றையா இரட்டையா என்னும் வேறுபாடு, புள்ளியை விடுதல், நெடிற்குறியை விடுதல். கெ, கொ போன்றவற்றில் பின்னர் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது. கண் செல்லும் வரிசையும் ஒலி செல்லும் வரிசையும் மாறுபடும் இவ்விடம் வாசிப்பில் இடர்ப்படும் குழந்தையைக் காட்டிக்கொடுக்கக்கூடியது. இங்கு ஒரு செய்தி: பாரதி பிரெயிலில் தமிழ் எழுதும்போது உயிர்க்குறி எப்போதும் மெய்க்குப் பின்னரே வருகிறது. பார்வையற்ற குழந்தைக்கு இந்த முரண் இல்லை. பிரெயில் வாசிப்பிலும் அச்சு வாசிப்பிலும் கெகர, கொகர வரிசைப் பிழைகளை ஒப்பிட்டால், காட்சி வரிசையின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய வாய்ப்புண்டு. பார்வைக் குறையுடையோர் கல்வியில் ஆய்வு செய்வோர் எவரேனும் இதனை மேற்கொண்டால் பயன் விளையும்.

ல, ள, ழ வேறுபாட்டையும் ன, ண, ந வேறுபாட்டையும் ஆய்வாளர் மிகக் கவனமாகக் கையாள வேண்டும். வட்டார வழக்குகள் பலவற்றில் ழகரம் ளகரத்தோடு இணைந்துவிட்டது. 'ரெண்டு சுழி ன, மூணு சுழி ண' என்று பள்ளியில் வடிவத்தைச் சொல்லிக் கற்பிப்பதே, செவியால் மட்டும் பிரித்தறிய இயலாது என்பதை ஆசிரியர் ஏற்றுக்கொண்டமைக்கு அடையாளம். இவ்வெழுத்துகளில் பிழை செய்வது குறைபாட்டின் அறிகுறி என்றால், நாளிதழ்களுக்குக் கடிதம் எழுதுவோரில் பாதிப் பேருக்குச் சான்றிதழ் வழங்க வேண்டியிருக்கும்.

3.4 போலிச் சொற்கள்

பொருளற்ற போலிச் சொற்களைப் படிக்கச் செய்வது, குழந்தை எழுத்தைக் கூட்டிப் படிக்கிறதா, சொல்லை நினைவிலிருந்து சொல்கிறதா என்பதை அறிய உதவும். இவற்றை ஆக்குவோர் ஒரு சொல்லில் ஓரெழுத்தை மாற்றுவர். 'மரம்' என்பதை 'மறம்' என்று மாற்றினால் அது போலிச்சொல் ஆகாது; வீரம் எனப் பொருள்படும் சொல்லாகிவிடும். குழந்தைக்கு அது தெரியாதிருக்கலாம். ஆனால் ரகர றகர வேறுபாடு இல்லாத வழக்கில் அக்குழந்தை அதை 'மரம்' என்றே நினைவிலிருந்து கூறிவிடும். 'கடல்' என்பதைக் 'கணல்' என மாற்றினால் அது 'கனல்' போல் ஒலிக்கும். மறுபுறம், தமிழில் வரவே இயலாத ஒலிச்சேர்க்கைகளை இட்டால் திறமையுள்ள குழந்தையும் தடுமாறும். மொழிமுதலிலும் இறுதியிலும் வரும் எழுத்துகளைத் தொல்காப்பியம் மொழிமரபில் வரையறுத்துள்ளது. ஆய்வாளருக்கு அது நல்ல தொடக்கம். எனினும் ரயில், லாரி, டீ, பஸ் ஆகியவற்றோடு வளரும் குழந்தைக்கு அவ்விலக்கணத்தின் எல்லைகள் எவ்வளவு பொருந்தும் என்பதை இன்றைய குழந்தைச் சொற்றொகுதியைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். அத்தொகுதிக்கு நாம் பின்னர் வருவோம்.

3.5 எண், நிறம், விரைவு

எண்களை வரிசையாகக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் நினைவுச் சோதனை மொழிக்குப் பொதுவானது எனப் பலரும் கருதுவர். எல்லிசும் ஹென்னலியும் 1980இல் வெளியிட்ட ஆய்வு அதனை மறுக்கிறது. வேல்சு மொழியின் எண்ணுப்பெயர்கள் ஒலிக்க ஆங்கிலத்தினும் கூடுதல் நேரம் கொள்வதால், வேல்சு மொழியில் சோதிக்கப்பட்டோர் குறைந்த மதிப்பெண் பெற்றனர். ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள பெயர்களுள் ஏழு என்பதற்குரியது தவிர எல்லாம் ஓரசையின. தமிழில் ஓரசைப் பெயர் ஒன்றுமில்லை. அமெரிக்க நெறிமதிப்பைக் கொண்டு தமிழ்க் குழந்தையின் நினைவாற்றலை மதிப்பிட்டால், குழந்தையின் நினைவோடு தமிழ் எண்ணுப்பெயரின் நீளமும் சேர்ந்தே அளக்கப்படுகிறது.

நிறங்களை விரைந்து பெயரிடும் சோதனையில் வேறொரு சிக்கல். ஆங்கில வழியில் பயிலும் நகரக் குழந்தைக்குச் 'சிவப்பு' என்பதைவிட 'ரெட்' விரைவாக வருகிறது. தமிழில்தான் சொல்ல வேண்டும் என்றால் விரைவு குறையும். அது பெயரிடும் விரைவின் குறையன்று. எம்மொழியில் விடை வந்தாலும் ஏற்பது ஒரு வழி. எம்மொழி என்பதைப் பதிவு செய்வது அதனினும் நன்று.

வாசிப்பு வேகத்தை நிமிடத்திற்கு இத்தனை சொல் என அளப்பது தமிழுக்குப் பொருந்துமா? 'அவன் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தான்' என்பதில் மூன்று சொற்கள், எழுத்துகள் 20. இதன் ஆங்கில வடிவம் ஆறு சொற்களைக் கொள்ளும். அச்சிடுவோர் 'வந்து கொண்டிருந்தான்' எனப் பிரித்துவிட்டால் மூன்று நான்காகிவிடும். குழந்தையின் வேகமும் கூடிவிடும். எழுத்தெண்ணிக்கையை அளவாகக் கொள்வதே தக்கது.

3.6 இரட்டை வழக்கு

தொடரைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையில் 'அவன் நேற்றுப் பள்ளிக்கு வரவில்லை' என்பது உருப்படி. குழந்தை 'அவன் நேத்து ஸ்கூலுக்கு வரல' என்கிறது. சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு மதிப்பிடும் முறையில் மூன்று பிழைகள். ஆனால் குழந்தை தொடரின் பொருளை முழுதும் உணர்ந்து, காலம், எதிர்மறை, வேற்றுமை ஆகியவற்றைப் பிறழாமல் காத்து, எழுத்து வழக்கைப் பேச்சு வழக்காக்கியிருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அன்றாடம் செய்யும் பணி இது. தமிழின் இரட்டை வழக்குப் பற்றிப் பிரிட்டோவின் 1986ஆம் ஆண்டு நூல் உள்ளிட்ட விரிவான ஆய்வுகள் இருந்தும், சிறப்புக் கல்விக் கருவிகளின் மதிப்பீட்டு விதிகளில் அவை எட்டிப்பார்ப்பதில்லை.

வாய்விட்டுப் படிக்கும்போது நேரும் பிழைகளையும் இவ்வாறே பிரித்தல் வேண்டும். 'வரவில்லை' என்பதை 'வரலை' எனப் படித்த குழந்தை சொல்லை அறிந்து தன் வழக்கில் கூறியது. 'வரவிலை' எனப் படித்த குழந்தை புள்ளியெழுத்தைத் தவறவிட்டது. முன்னதற்குச் சிகிச்சை தேவையில்லை. பின்னது தொடர்ந்து நிகழுமாயின் கவனிக்கத்தக்கது. இரண்டையும் 'பிழை' என்னும் ஒரே கட்டத்தில் அடைத்தபின் எந்தப் புள்ளியியலாலும் அவற்றைப் பிரித்தெடுக்க இயலாது.

4. மீள்மொழிபெயர்ப்பும் கலைச்சொற்களும்

கருவியைத் தமிழாக்கி, வேறொருவரைக் கொண்டு ஆங்கிலத்திற்கு மீள்மொழிபெயர்த்து, மூலத்தோடு ஒத்திருப்பின் நிறைவு கொள்வது ஆய்வேடுகளில் காணும் வழக்கம். ரிச்சர்டு பிரிஸ்லின் 1970இல் முறைப்படுத்திய இவ்வழி பயனுடையதே, போதுமானது அன்று. பெற்றோர் வினாநிரல் ஒன்றில் 'உங்கள் குழந்தை திசைகளைப் பின்பற்றச் சிரமப்படுகிறதா?' என்றொரு வினாவைக் கண்டதுண்டு. ஆங்கிலத்தில் 'டைரக்‌ஷன்ஸ்' என்னும் சொல் திசையையும் குறிக்கும், சொன்னபடி செய்வதற்கான அறிவுறுத்தலையும் குறிக்கும். மூலம் பின்னதைக் கருதியது. 'திசை'யை மீண்டும் ஆங்கிலமாக்கினால் அதே சொல் கிடைக்கும். மீள்மொழிபெயர்ப்புச் சோதனையில் இப்பிழை முழு மதிப்பெண் பெற்றுத் தேறிவிடும். சொல்லுக்குச் சொல் பெயர்த்த மோசமான மொழிபெயர்ப்பே மூலத்திற்கு எளிதில் திரும்பிச் செல்லும் என்பதை மொழிபெயர்ப்பாளர் நன்கறிவர். பன்னாட்டுச் சோதனை ஆணையம் 2017இல் வெளியிட்ட இரண்டாம் பதிப்பு நெறிமுறைகள், மொழிபெயர்த்தல் என்பதோடு தகவமைத்தல் என்னும் சொல்லையும் தலைப்பிலேயே கொண்டிருப்பது நோக்கத்தக்கது.

கலைச்சொல் நிலையும் இத்தகையதே. உலக நலவாழ்வு நிறுவனம் 1980இல் உறுப்பின் அல்லது செயலின் பழுது, அதனால் வரும் இயலாமை, அதனால் சமூகத்தில் நேரும் இடர்ப்பாடு என மூன்றைப் பிரித்தது. 2001இல் அப்பாகுபாட்டை மாற்றிச் சூழலுக்கும் இடமளித்தது. தமிழில் இவை யாவற்றுக்கும் 'குறைபாடு' என்னும் ஒரு சொல்லே உழைக்கிறது. 'கற்றல் குறைபாடு' என்று படிக்கும் பெற்றோர், குறை குழந்தையின் உடலில் இருக்கிறதா, கற்பித்தலில் இருக்கிறதா என்று அறிய வழியில்லை. 2010 வாக்கில் தமிழக அரசு வழக்கில் 'ஊனமுற்றோர்' நீங்கி 'மாற்றுத்திறனாளி' வந்தது. அழைக்கும் சொல் என்ற அளவில் அது பெருமாற்றம். ஆயின் அழைக்கும் சொல் வேறு, அளக்கும் சொல் வேறு. ஆய்வுக் கருவியில் பழுதையும் இயலாமையையும் இடர்ப்பாட்டையும் பிரித்துரைக்கும் சொற்கள் இன்றியமையாதவை. ஒருமுறை கொண்டதைக் கருவி முழுதும் மாறாமல் ஆளுதலும் வேண்டும்.

செவிக்குறையுடையோர் கல்வியில் ஆய்வு செய்வோரைப் பற்றி ஒன்று மட்டும் கூறலாம். இந்தியச் சைகைமொழி ஆய்வு, பயிற்சி மையம் 2015இல் தில்லியில் நிறுவப்பட்டது. சைகைமொழிகள் முழுமையான மொழிகள் என்பது ஸ்டோக்கோ 1960இல் எழுதியதிலிருந்து நிலைபெற்ற முடிவு. சைகையறியாத ஆய்வாளர் செவிக்குறையுடைய குழந்தையின் மொழித்திறனை அளப்பது, தமிழறியாதவர் தமிழ்க் குழந்தையை அளப்பதற்கு ஒப்பாகும்.

5. முன்பாடத்தில் சேர்க்கத்தக்கவை

முழு மொழியியல் பட்டத்தை இம்மாணவர்மேல் சுமத்துவது தேவையற்றது. ஒரு பருவத்தில் முடியக்கூடிய பயிற்சியே போதும். முதலாவதாக, இயல்பாகக் கற்கும் குழந்தைகள் பத்துப் பேரின் வாய்விட்ட வாசிப்பைப் பதிவுசெய்து, ஒலிபெயர்த்து, பிழைகளை வகைப்படுத்த வேண்டும். குறைபாடுடைய குழந்தையை மட்டுமே கண்ட ஆய்வாளர் எல்லாப் பிழையையும் நோயென்றே காண்பார். பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் அமர்ந்து செய்யும் இப்பணி, நூலகத்தில் படிக்கும் ஒலியனியலைவிட விரைவாக ஒலியனியலைக் கற்பிக்கும். அதனோடு எழுத்துமுறை பற்றிய அடிப்படையும், இரட்டை வழக்கைப் பதிவு செய்யும் முறையும், உருப்படிப் பகுப்பாய்வை மொழிக்கூறு அடிப்படையில் நிகழ்த்தும் பயிற்சியும் சேர்ந்தால் 12 அலகுகளில் இரண்டோ மூன்றோ போதும். வேறு துறையைச் சார்ந்தவரை இணை நெறியாளராகக் கொள்ளவும் விதிகள் இடமளிக்கின்றன. மொழியியல் துறையினர் அழைக்கப்படும்போது ஒப்புக்கொள்ள வேண்டும். கருவி முடிந்தபின் சான்று கையொப்பத்திற்காக அழைத்தால் மறுக்கவும் வேண்டும்.

குறை ஒரு பக்கத்ததன்று. தமிழ்க் குழந்தைகள் படிக்கும் சொற்களின் நிகழ்வெண் பட்டியல் சோதனை ஆக்குவோருக்கு முதல் தேவை. 1990களின் தொடக்கத்தில் நடுவண் அரசின் திட்டத்தில் மைசூரு நிறுவனம் தொகுத்த தமிழ்த் தரவகம் பெரியோருக்கான எழுத்துகளைக் கொண்டது. அதனைக் கொண்டு மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு அறிந்த சொல் எது, அரிய சொல் எது எனத் தீர்மானிக்க இயலாது. தொடக்கப்பள்ளிப் பாடநூல்கள், சிறுவர் இதழ்கள், குழந்தைகளின் எழுத்து ஆகியவற்றிலிருந்து ஒரு தரவகம் தொகுத்து, சொல்லுக்கும் எழுத்துக்கும் நிகழ்வெண் கண்டு, பொதுவில் வைப்பது மொழியியலாரின் கடன். அது இருப்பின், 3.4இல் கூறிய போலிச் சொற்களையும் ஊகத்தால் அன்றி எண்ணிக்கையால் அமைக்கலாம்.

மொழிபெயர்ப்பாளருக்குரியது இன்னொன்று. தமிழாக்கிய கருவி ஆய்வேட்டின் பின்னிணைப்பாக வருகிறது. அதை ஆக்கியவர் பெயர் நன்றியுரையில் ஒரு வரியாக வருகிறது. எந்த உருப்படி ஏன் மாற்றப்பட்டது, எது கைவிடப்பட்டது, எந்த விடைகள் இரண்டும் ஏற்கப்பட்டன, எந்த வட்டாரக் குழந்தைகளிடம் முன்சோதனை நடந்தது என்னும் குறிப்புகள் எங்கும் இடம்பெறுவதில்லை. அடுத்த மாணவர் அதே கருவியை எடுத்து, அதே இடங்களில் மீண்டும் தடுமாறுகிறார். உருப்படிவாரியான இம்மொழிபெயர்ப்புக் குறிப்பேட்டைப் பின்னிணைப்பில் கருவியோடு சேர்த்து அச்சிடுவதை நெறியாளர்கள் வலியுறுத்தலாம். நான்கைந்து பக்கங்களுக்கு மேல் ஆகாது.